ஹாம்ஸ்டர்: நம் ஊர் வெயிலும் ஆகாது, ஆட்டு மருந்தும் ஆகாது!

வேளாண்மைத் துறையில் சேர்ந்த நாளிலிருந்து எலியைக் கொல்லத்தான் நான் சொல்லிக் கொடுத்து வருகிறேன். வரப்பைச் சிறிதாக வெட்டுங்கள், வளைகளை மண் போட்டு மூடிவிட்டு மறுநாள் எது திறந்திருக்கிறது என்று பாருங்கள், அதில் மட்டும் மருந்து வையுங்கள், ஆந்தை உட்கார வயலில் கம்பு நடுங்கள். விருதுநகர் மாவட்டத்தில் இந்தப் பேச்சை நான் பேசாத ஊர் குறைவு. அப்படிப்பட்டவனுக்கு, சாத்தூர் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதிய கேள்வியை ஆசிரியர் குழு அனுப்பி வைத்தது. 'என் மகள் வளர்க்கும் எலிக்கு வயிற்றுப்போக்கு. ஆட்டுக்குக் கொடுக்கும் மருந்தைக் குறைத்துக் கொடுக்கலாமா? ஜோடி சேர்த்துக் குட்டி எடுத்து விற்றால் லாபம் வருமா?'

படித்துக் காட்டியதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மூன்று வருடங்களாக நான் போகிற கிராமங்களில் நான்கைந்து வீடுகளிலாவது இந்தக் கூண்டுகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் செல்போனில் பார்த்துக் கேட்கிறார்கள். அப்பாமார் மதுரைக்கோ சிவகாசிக்கோ போகும்போது வாங்கி வந்துவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது கூண்டு மட்டும் திண்ணையில் கிடக்கும்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன் அல்ல. இதில் மருத்துவம் சம்பந்தமாகச் சொல்வதெல்லாம் எங்கள் ஒன்றியத்துக் கால்நடை மருத்துவரோடு உட்கார்ந்து பேசிச் சரிபார்த்தவை. எலியின் பல்லும் வயிறும் வளையும் எனக்குத் தெரியும். மற்றது அவருக்குத் தெரியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் கரிசல் காட்டில் வெள்ளெலி என்றால் கம்மங்கொல்லையிலும் கடலைக் காட்டிலும் வளை போடுகிற, வயிறு வெளுத்த, வால் நுனியில் குஞ்சம் வைத்த காட்டு எலி. கடைக்காரர் வெள்ளெலி என்று சொல்லி விற்பது சில சமயம் ஆய்வுக்கூடத்து வெள்ளை எலி, சில சமயம் ஹாம்ஸ்டர். வாலைப் பாருங்கள். வால் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தால் அது ஹாம்ஸ்டர். இரண்டு கன்னத்திலும் பை இருக்கும். தீனியை அதில் அடைத்துக்கொண்டு போய்ச் சேர்த்து வைக்கும். காட்டு எலியைப் பிடித்துக் கூண்டில் போட்டு வளர்க்கிற வேலை மட்டும் வேண்டாம். எலிக் காய்ச்சல் அதன் மூத்திரத்தில்தான் வருகிறது.

கடையில் விற்கும் பொன்னிற ஹாம்ஸ்டரின் பூர்வீகம் சிரியா நாட்டு அலெப்போ பக்கம். 1930-ஆம் ஆண்டு இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர் அங்கே ஒரு கோதுமை வயலைத் தோண்டி, ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். காலா அசார் காய்ச்சலை ஆராய ஜெருசலேமில் ஒரு மருத்துவ ஆய்வாளருக்கு அந்த விலங்கு தேவைப்பட்டது. தப்பியது தப்பி, செத்தது செத்து, மிஞ்சிய சில குட்டிகளின் வம்சம்தான் இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருக்கிற பொன்னிற ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே. அந்த ஊர் விவசாயிக்கு அது இன்றைக்கும் பயிரைத் தின்கிற எலிதான். நமக்கு வயல் எலி எப்படியோ, அவருக்கு அது அப்படி.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் அந்த வளை. ஹாம்ஸ்டர் சுமார் இரண்டடி ஆழத்தில் குழி பறித்து, பகல் முழுக்க அங்கே தூங்கும். வயலுக்கு மேலே வெயில் எவ்வளவு அடித்தாலும் இரண்டடிக்குக் கீழே மண் குளிர்ந்துதான் இருக்கும். கோடை உழவு போட்டவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி வாழ்ந்த பிராணியை எடுத்து, கம்பிக் கூண்டில் ஒரு பிடி மரத்தூளைப் போட்டு, தகரக் கூரை வீட்டில் தொங்க விட்டால் என்ன ஆகும்?

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு. மக்காச்சோளம் போடுகிறவர், மனைவி பட்டாசு வேலைக்குப் போகிறார். போன மே மாதம் மானிய விஷயமாக அங்கே போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் என்னிடம் வந்து, "சார், எலிக்கு எவ்வளவு நாள் சாப்பாடு இல்லாம இருக்க முடியும்?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் அப்பா சொன்னார். முந்தின வாரம் பள்ளித் தோழி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டாள். மதியம் திரும்பி வந்து பார்த்தால் ஹாம்ஸ்டர் விறைத்துக் கிடந்தது. அன்று காலை தீனி வைக்க மறந்ததால்தான் செத்தது என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டது. சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

கூண்டு இருந்த இடத்தைப் பார்த்தேன். மேலே தகரம். மேற்குச் சுவர். அந்த இடத்தில் மதியம் இரண்டு மணிக்கு நான் நின்றாலே மயக்கம் வரும். கூண்டுக்குள் பழைய கம்பு கால்வாசி மிச்சம் இருந்தது. "பாப்பா, இதோ பார், தீனி இருக்கு. இது பட்டினியால சாகல. வெயில்ல செத்துச்சு. ஆளே தாங்காத சூடு இங்க" என்றேன். அவள் அந்தக் கம்பைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹாம்ஸ்டருக்கு ஒத்துக்கொள்கிற வெப்பம் 18 முதல் 26 டிகிரி செல்சியஸ். 30-ஐத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். நம்மைப் போல வியர்த்து உடம்பைக் குளிர வைக்க அதனால் முடியாது. கால் பரப்பிப் படுத்துக்கொண்டு, வேகமாக மூச்சு வாங்கினால், வாயோரம் எச்சில் ஒழுகினால் அது வெப்பத் தாக்குதல். உடனே குளிர்ந்த இடத்துக்கு எடுத்துப் போய், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வாயோரம் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விடலாம். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். அப்புறம் மருத்துவரிடம்.

வராமல் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது, செலவும் அதிகமில்லை. வீட்டில் தரை மட்டத்தில், வெயில் படாத கிழக்கு அல்லது வடக்கு அறையில் வையுங்கள். கூண்டுக்குள் சின்ன மண் கலயத்தைப் படுக்க வைத்தால் அதற்குள் போய்த் தூங்கும். பழைய ஓட்டுத் துண்டு ஒன்று போட்டால் மேலே வயிற்றை வைத்துப் படுக்கும். மதியத்தில் கூண்டுக்கு வெளியே மூன்று பக்கமும் ஈரக் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு பக்கம் காற்றுக்கு விட்டால், தண்ணீர்ப் பானை குளிர்கிற அதே முறையில் உள்ளே குறையும். கூண்டுக்குள் ஈரம் சொட்டக் கூடாது. மண்ணெடுத்துப் பழகிய பிராணி என்பதால் படுக்கை அரையடி ஆழமாவது இருக்க வேண்டும். சன்னமான கம்பிக் கூண்டைவிட, மேலே வலை போட்ட அகலமான பிளாஸ்டிக் தொட்டி நல்லது.

படுக்கைக்கு என்ன போடுவது என்பதில் நம் மாவட்டத்துக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. பருத்தி நம் ஊர்ப் பயிர்; பஞ்சு போட்டால் மெத்தையாக இருக்கும் என்று தோன்றும். போடாதீர்கள். இழை காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை அறுத்துவிடும். தின்றால் குடலை அடைத்துவிடும். சிவகாசி அச்சகங்களில் வெட்டி ஒதுக்குகிற அச்சடிக்காத வெள்ளைக் காகிதக் கழிவு அருமையான படுக்கை. கேட்டால் மூட்டையாகவே தருவார்கள். ஆனால் பட்டாசு ஆலையிலிருந்து வருகிற காகிதத் துண்டு, குழாய்த் துண்டு எதுவும் கூண்டுக்குள் போகக் கூடாது. அதில் வெடி உப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் ஒட்டியிருக்கும். பல்லைத் தேய்க்கத் தீக்குச்சி போடலாமா என்று ஒருவர் கேட்டார். மெழுகு ஏற்றிய குச்சி எது, ஏற்றாதது எது என்று வீட்டில் யார் பார்த்துக்கொண்டிருப்பது? கொய்யாக் கிளை ஒடித்துக் கழுவிப் போடுங்கள், மருந்து அடிக்காத மரமாக.

இன்னொன்று. ஹாம்ஸ்டர் நாள் முழுக்கத் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும். அதன் மயிரில் எது ஒட்டுகிறதோ அது வயிற்றுக்குள் போய்விடும். ஆலை வேலை முடிந்து வருகிறவர்கள் கை முகம் கழுவி, உடுப்பு மாற்றிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். பூச்சிமருந்து அடித்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதேதான். பிள்ளையைத் தூக்குவதற்கு முன்பும் இதைச் செய்யுங்கள் என்று பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், தலையாட்டிவிட்டுப் போவார்கள். கூண்டு வந்த பிறகு ஒரு வீட்டில் மகள் வாசலிலேயே சோப்போடு நிற்கிறாளாம். அவள் சொன்னால் கேட்கிறார்கள்.

இனி வாசகர் கேட்ட வயிற்றுப்போக்கு. பின்பக்கமும் வாலும் நனைந்து, நாற்றமெடுத்து, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது 'ஈர வால்' நோய். மூன்று முதல் எட்டு வார வயதுக் குட்டிகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். தாயிடமிருந்து பிரித்து, கடையில் கும்பலாக அடைத்து, பஸ்ஸில் குலுக்கிக் கொண்டு வந்த அலைச்சலில் கிளம்பும். பன்றிக் குட்டிகளுக்குக் குடல் நோய் கொடுக்கிற அதே கிருமிதான் இதற்கும் முக்கியக் காரணம். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற நோய் அல்ல இது. வாங்கி வந்த முதல் வாரம் பிள்ளைகள் அதைத் தூக்கிக் கொஞ்சாமல் விட்டு வைத்தாலே பாதி ஆபத்து குறையும். வாங்கும்போதே பின்பக்கம் காய்ந்து சுத்தமாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டுக் குட்டி வாங்கும்போது பார்க்கிற அதே பார்வைதான்.

ஆட்டு மருந்தைக் குறைத்துக் கொடுக்கலாமா என்றால், கூடவே கூடாது. நம் வீடுகளில் ஆட்டுக்கு வாங்கியதோ, பிள்ளைக்கு டாக்டர் கொடுத்து மிஞ்சியதோ, ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் அலமாரியில் இருக்கும். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், எரித்ரோமைசின், லின்கோமைசின், கிளிண்டாமைசின் இவையெல்லாம் ஹாம்ஸ்டரின் வாய்க்குள் போனால் விஷம் மாதிரி. மருந்தே நேராகக் கொல்வதில்லை. குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை அழித்துவிடும். காலியான இடத்தில் கெட்ட கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். சில நாளில் ரத்தக் கழிச்சலோடு சாகும். எனக்குத் தெரிந்த ஆட்டுக்காரர் ஒருவர், மகன் வளர்த்த ஹாம்ஸ்டரின் கால் புண்ணுக்கு அமாக்சிசிலினைக் கரைத்துக் கொடுத்தார். புண் ஆறத் தொடங்கியது, ஐந்தாம் நாள் எலி இல்லை. மருந்து கேட்டது, ஆனால் ஆயுசு முடிந்துவிட்டது என்றே அவர் இன்னும் நம்புகிறார்.

மனிதர்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு சிலருக்கு வரும் கடுமையான வயிற்றுப்போக்குக்கு எந்தக் கிருமி காரணம் என்பதை, 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் இந்த மருந்து கொடுத்த ஹாம்ஸ்டர்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அதனால் நேரே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். 'எலிக்கா வைத்தியம்' என்று பக்கத்தில் மாட்டோடு நிற்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும். "இது ஹாம்ஸ்டர், இதற்குப் பென்சிலின் வகை ஆகாது என்கிறார்களே" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தினமும் ஆடு மாடு பார்க்கிற மருத்துவருக்கு அந்த நினைவூட்டல் உதவும். அங்கே முடியாது என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தீனி விஷயத்தில் நமக்குக் கவலையே வேண்டாம். கம்பு, தினை, குதிரைவாலி, கோதுமை எல்லாம் நம்மிடம் இருக்கிறது. இவற்றைக் கலந்து நாளைக்கு 10 கிராம் அளவு, கூட ஒரு துண்டு வெள்ளரியோ கேரட்டோ, வாரத்துக்கு இரண்டு நாள் வேகவைத்த முட்டை சிறிது, முளைகட்டிய பாசிப்பயறு நாலைந்து. சூரியகாந்தி விதை என்றால் உயிரை விடும், ஆனால் எண்ணெய்ச் சத்து அதிகம். இரண்டு மூன்று போதும். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை வேண்டாம். சாத்தூர் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நமக்கு மட்டும்தான். பால்கோவா அதன் கன்னப் பையில் ஒட்டிக்கொண்டு அழுகி, சீழ் கட்டிவிடும்.

மக்காச்சோளத்தை மட்டும் கொட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. பிரான்ஸ் நாட்டு அல்சாஸ் பகுதியில் ஹாம்ஸ்டரின் பெரிய சாதி ஒன்று வயலில் வாழ்கிறது. அங்கே எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம் என்று ஆன பிறகு அது அழியத் தொடங்கியது. ஆராய்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவு திகைக்க வைத்தது. மக்காச்சோளத்தையே முக்கியத் தீனியாகத் தின்ற தாய்கள் தாங்கள் ஈன்ற குட்டிகளையே தின்றுவிட்டன. வைட்டமின் பி3 பற்றாக்குறைதான் காரணம். அந்தச் சத்தைச் சேர்த்துக் கொடுத்ததும் குட்டிகளைத் தின்பது நின்றது. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த மனிதர்களுக்கும் இதே பற்றாக்குறையால் பெல்லக்ரா நோய் வந்த வரலாறு உண்டு.

விதைப்புக்கு வாங்கி மிஞ்சிய மக்காச்சோளம், பருத்தி, கம்பு விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறியிருந்தால் அது பூச்சிக்கொல்லியும் பூஞ்சாணக்கொல்லியும் தடவியது. கழுவினாலும் போகாது. ஹாம்ஸ்டருக்கு மட்டுமல்ல, கோழிக்கும் போடாதீர்கள். பூசணம் பிடித்த கடலையும் அப்படியே. வீட்டு எலிக்கு வைத்த கேக் மருந்து அதே அறையில் இருக்கக் கூடாது. எலிகள் இழுத்துக்கொண்டு போய் எங்கே போடும் என்று யாருக்கும் தெரியாது.

தினமும் காலையில் ஒரு பார்வை போதும். முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடிக்க ஒன்றுமில்லாவிட்டால் வளைந்து வாயைக் குத்தும். தீனியைக் கையில் எடுத்துக் கீழே போட்டுவிட்டால் பல்லைப் பாருங்கள். அதை நகவெட்டியால் நீங்களே வெட்ட வேண்டாம், பல் பிளந்துவிடும். இடுப்பின் இரு பக்கமும் கருத்த புள்ளி தெரிந்தால் பயப்படாதீர்கள், அது மணச் சுரப்பி. ஆண் ஹாம்ஸ்டருக்குப் பின்னால் வீங்கியிருக்கிறதே, கட்டியா என்று கேட்டு இதுவரை மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். அது கட்டி அல்ல. ஆண் என்பதற்கு அடையாளம். தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. ஒரு கிண்ணத்தில் வெயிலில் காயவைத்த ஆற்று மணல் வைத்தால் தானே புரண்டு எழும்.

கர்ப்பிணிகள் கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டாம். கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் அவர் தள்ளி இருக்கட்டும். நம்மிடமிருந்து அதற்கும் தொற்றும். கொரோனா அதற்கு வரும் என்பதால்தான் கோவாக்சின் தடுப்பூசியைப் புனே ஆய்வு நிறுவனத்தில் ஹாம்ஸ்டர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் கடை ஹாம்ஸ்டர்களிடம் அந்தத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டு, சுமார் 2,000 உயிர்களை ஒரேயடியாகக் கொன்றார்கள்.

தீபாவளி நமக்குச் சோறு போடுகிற பண்டிகை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் காதுக்கு எட்டாத ஒலியும் ஹாம்ஸ்டருக்குக் கேட்கும். ஒரு வாரம் முன்பே கூண்டை நடு அறைக்கு மாற்றி, படுக்கையை இரண்டு பங்காக்கி, மேலே பருத்தித் துணி போர்த்துங்கள். குட்டி போட்ட தாய் மிரண்டால் குட்டிகளைத் தின்றுவிடும். அந்த மாதத்தில் ஈற்று வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, குட்டி எடுத்து விற்கும் யோசனை. சினைக்காலம் 16 நாள்தான், ஒரு ஈற்றில் ஏழெட்டுக் குட்டி என்று கேட்டதும் மனக்கணக்கு ஓடும். ஈமு கோழிக்கும் இப்படித்தான் ஓடியது. பொன்னிற ஹாம்ஸ்டர் தனித்து வாழ்கிற பிராணி. ஐந்தாறு வாரம் ஆனதும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூண்டு வேண்டும். இல்லையென்றால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும். கடைகள் பிராணி விற்க 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஹாம்ஸ்டர் அந்த விதிகளிலேயே பெயர் சொல்லப்பட்ட பிராணி. மே மாதம் கரண்ட் போனால் மொத்தப் பண்ணையும் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஆயுளும் இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம்தான். வாங்கும்போதே இதைப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். மகளுக்கு ஒன்று, அது போதும். கூண்டுகளுக்கு ஒதுக்கிய பணத்தில் நாலு வெள்ளாட்டுக் குட்டி வாங்குங்கள். அதற்குக் கொட்டகை எப்படிப் போடுவது என்று கேட்டு எழுதினால் அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.